மூன்றாம் எண் கணினியை யாரும் தொட வேண்டாம்

பெங்களூர் அல்சூரில் நம் படிப்பகத்தை நடத்திவரும் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. சாம்பார் சாதமும் நன்றாக இருந்தது. நல்ல வார்த்தையோடு ஆரம்பிக்க வேண்டுமே என்று சொல்கிறேன், ஆனால் பொய்யில்லை.

இன்று, வெள்ளிக்கிழமை காலையில், கணினி அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "பயனாளர்கள் தேவையற்ற இடங்களில் கிளிக் செய்ததால் கணினிகள் பழுதடைந்துள்ளன. நான்கு கணினிகள் ஃபார்மட் செய்யப்பட்டுவிட்டன. மீதி இரண்டும் விரைவில் செய்யப்படும்." கீழே ரப்பர் ஸ்டாம்ப். அந்த மீதி இரண்டும் நேற்று மாலையே சரியாகிவிட்டன. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அதிலும் பாதி நேரம் மூக்குக் கண்ணாடியைத் தேடியதில் போயிற்று.

நடந்தது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஞாயிறு விழா, திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை திறந்தால் ஆறு கணினிகளின் டெஸ்க்டாப்பிலும் ஒரு ஐகான்கூட இல்லை. புதன்கிழமை கணினிக் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டிலிருந்து டெக்னீஷியன் ஒருவரை வரவழைத்தீர்கள். ஒரு பெட்டிக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் நான்குக்கு ஃபார்மட் போட்டுவிட்டுப் போனார், அதாவது உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். சனிக்கிழமை மட்டும் வந்து சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதெல்லாம் வியாழக்கிழமைதான் தெரிந்தது. அதுவும் பூ வாங்கப் போன இடத்தில்.

சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக் கட்டுகிற அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். விழாவுக்கு மாலை கொடுத்ததும் அவர்தான். விடியற்காலையில் சிட்டி மார்க்கெட்டில் பூ எடுத்து வந்து கட்டி, வாடிக்கை வீடுகளுக்குக் கொடுத்து முடிக்க மதியமாகிவிடும். மாலை வியாபாரத்துக்கு முன்னால் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் நம் கணினி அறைக்கு வருவார். விரலில் ஒட்டியிருக்கிற வாழைநார்ப் பிசிறை முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் மவுஸைத் தொடுவார். எப்போதும் மூன்றாம் எண் கணினிதான். அதில் "பூ கணக்கு" என்று ஒரு கோப்பு. நாற்பத்து மூன்று வீடுகள், எந்த வீட்டுக்கு எந்த நாள் எத்தனை முழம், யார் கொடுத்தார்கள், யார் பாக்கி. கொடுத்துவிட்டவர்களுக்கு மஞ்சள் நிறம். பதினான்கு மாதக் கணக்கு.

அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. கோப்பு எங்கே இருக்கிறது என்றால், குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பக்கத்தில், இரண்டு விரல் தள்ளி, பச்சைக் கட்டம் போட்ட தாள். அவருக்கு அதுதான் விலாசம். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் குப்பைத்தொட்டியும் இல்லை, பச்சைத் தாளும் இல்லை. பின்னணியில் உங்கள் படம் மட்டும். (அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.) மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடுத்த ஆள் வந்து எழுப்பும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். வியாழக்கிழமை என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "நான்தான் எதையோ தொட்டுட்டேன் போல அண்ணா, இதுக்குத் துட்டு கேப்பாங்களா?" கணக்கைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்டார்.

நேராகப் படிப்பகத்துக்கு வந்தேன். ஃபார்மட் ஆகாத ஐந்தாம், ஆறாம் எண் கணினிகளைத் திறந்தேன். (நம் கணினிகளில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்.) காலி இடத்தில் வலது கிளிக் செய்தேன், மெனு வந்தது. பின்னணிப் படமும் இருந்தது. அப்படியென்றால் டெஸ்க்டாப்பை வரைகிற நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐகானைக் காட்டாதே என்று யாரோ அதற்குச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலே இடது மூலையில் இருக்கிற எலி முகத்தை, அதாவது மெனு பொத்தானை, அழுத்தி, செட்டிங்ஸுக்குள் போய், டெஸ்க்டாப் என்பதைத் திறந்தேன். அந்த ஜன்னலில் மூன்று தாவல்கள்: பின்னணி, மெனு, ஐகான். ஐகான் தாவலில் "ஐகான் வகை" என்ற இடத்தில் "எதுவுமில்லை" என்று இருந்தது. "கோப்பு ஐகான்கள்" என்று மாற்றினேன். எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தன, நேற்று விட்டுப்போன மாதிரியே.

ஒரு கோப்பும் போகவில்லை என்பதைக் குழு தயவுசெய்து கவனிக்க வேண்டும். நாம் டெஸ்க்டாப்பில் வைக்கிற கோப்புகள் உண்மையில் ஹோம் அடைவுக்குள் (பயனரின் கோப்புகள் எல்லாம் இருக்கிற ஃபோல்டர்) "டெஸ்க்டாப்" என்ற பெயரில் இருக்கிற ஒரு சாதாரண அடைவில்தான் இருக்கின்றன. திரையில் தெரிகிற ஐகான் அந்த அடைவுக்குள் எட்டிப் பார்க்கிற ஜன்னல். ஜன்னலைச் சாத்தினால் வீட்டுச் சாமான் தொலைந்துபோகாது. கோப்பு மேலாளரைத் திறந்து அந்த அடைவுக்குள் ஒரு தடவை பார்த்திருந்தால் "பூ கணக்கு" அங்கேயே சும்மா உட்கார்ந்திருக்கும். ஐகான் மறைந்ததால் மூன்றாம் எண்ணில் எதுவும் அழியவில்லை. புதன்கிழமை மதியம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து நாம்தான் அழித்தோம்.

டெக்னீஷியனிடம் போனில் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "டேட்டா ஒண்ணும் இல்ல சார், டெஸ்க்டாப் காலியாத்தான் இருந்துச்சு" என்றார்.

காலியாக இருக்கிறது என்பதுதானே புகாரே!

முப்பது வருஷம் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பார்ப்போம். மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, பிறகு ஃபியூஸ் போயிருந்தது என்று கண்டுபிடிக்கிற ஆளை எங்கள் ஃபோர்மேன் அடுத்த ஷிஃப்டுக்கே வைத்திருக்க மாட்டார். ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஃபார்மட் போடுவதற்கு முன் கேளுங்கள். என்னைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. சனிக்கிழமை வரும் கல்லூரிப் பையன்களில் யாரைக் கேட்டாலும் ஹோம் அடைவைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள். கணினி எழுந்திருக்கவே மறுத்தாலும்கூட, பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, கோப்புகளை வெளியே எடுத்த பிறகு ஃபார்மட் போடலாம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவுக்காக நிர்வாகக் குழுவின் குரூப் போட்டோவை ஆறு கணினிகளுக்கும் பின்னணியாக வைத்தீர்கள். நல்ல போட்டோதான். ஆனால் ஹோம், ஃபைல் சிஸ்டம், குப்பைத்தொட்டி மூன்றும் இடது ஓரத்தில் வரிசையாக நிற்பவை. நேற்று ஐகான்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, இடது ஓரத்தில் நிற்கும் உறுப்பினர் ஒருவரின் முகத்தின் மேல் சரியாகக் குப்பைத்தொட்டி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பின்னணியை மாற்றுகிற தாவலும் ஐகானை மறைக்கிற தாவலும் ஒரே ஜன்னலில்தான் இருக்கின்றன என்று மேலே சொன்னேன். மீதியை நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். யார் செய்தது என்று நான் கேட்கப் போவதில்லை, விழா நாளில் அவருடைய முகம் தெரிய வேண்டியதுதான். ஆனால் அதே கை "பயனாளர்கள் தேவையற்ற இடங்களில் கிளிக் செய்ததால்" என்று எழுதி ஸ்டாம்பும் குத்தலாமா? விடுமுறை நாளைத் தாண்டி, ஆறு கணினிகளில் ஆறு பேர், ஒரே அமைப்பை, ஒரே மாதிரி தவறிக் கிளிக் செய்தார்கள் என்பதை நம்பச் சொல்கிறீர்கள். நம்புகிறேன், நீங்கள் நம்பினால்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்." கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துப் போங்க என்று அர்த்தம். இந்த ஊரில் நாற்பது வருஷமாக அட்ஜஸ்ட் செய்துகொண்டுதான் இருக்கிறேன். தண்ணீர் லாரிக்கு அட்ஜஸ்ட், தோண்டிப் போட்ட ரோட்டுக்கு அட்ஜஸ்ட். நாட்டுக்கே ஐ.டி. தலைநகரம் என்கிறார்கள், நம் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ ஒயிட்ஃபீல்டுக்கோ பஸ் பிடிக்கிறார். அந்த ஊரில் ஆறு கணினிகளில் படம் தெரியவில்லை என்றதும் ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டோம். சரி, இது கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத புலம்பல், விட்டுவிடுகிறேன்.

"லினக்ஸே வேண்டாம், விண்டோஸ் போட்டுவிடலாம்" என்ற பேச்சும் காதில் விழுந்தது. அதற்கும் ஒரு வார்த்தை. விண்டோஸிலும் டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, வியூ என்பதற்குள் "ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்" என்பதில் டிக்கை எடுத்தால் இதே கதைதான். மேலும் நம்முடையவை நன்கொடையாக வந்த, கோர் 2 டியோ என்ற பழைய பிராசசர் உள்ள பெட்டிகள். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றதால்தான் அவற்றை உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் எடை குறைந்த தம்பியான சுபுண்டுவுக்கு மாற்றினோம். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இந்தப் பெட்டிகளில் கிடையாது. சுபுண்டு வரைகிற டெஸ்க்டாப், எக்ஸ்எஃப்சிஇ என்பது, 1996-லிருந்து இருந்துவருகிறது. பழைய பெட்டியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். நம் பெட்டிகளுக்கும் நமக்கும் வயது ஒன்றுதான், ஒத்துப்போகும்.

ஐகான் மறைவதற்கு வேறு காரணம் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. திரை கறுப்பாகி, வலது கிளிக்குக்கும் பதில் வராவிட்டால், டெஸ்க்டாப்பை வரைகிற எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் என்ற நிரல் நின்றுவிட்டது என்று பொருள். ஆல்ட், எஃப்2 இரண்டையும் சேர்த்து அழுத்தி அந்தப் பெயரை அடித்து ஓடவிட்டால் வந்துவிடும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் மறுபடி மறுபடி காணாமல் போனால், அந்த நிரல் ஓடாத நேரத்தில் யாரோ வெளியேறும்போது "சேவ் செஷன்" கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். கணினி அந்த ஊனமான நிலையையே நினைவில் வைத்துக்கொண்டு தினமும் திரும்பக் கொண்டுவருகிறது. ஹோம் அடைவில் மறைந்திருக்கிற கேஷ் அடைவுக்குள் செஷன்ஸ் என்று இருப்பதைக் காலி செய்து, அந்த டிக்கையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது. இவற்றில் எதற்கும் ஃபார்மட் வேண்டாம். சாதாரணப் பயனர் எவரும் டெஸ்க்டாப் அமைப்பை மாற்றவே முடியாதபடி பூட்டவும் எக்ஸ்எஃப்சிஇ-யில் வழி உண்டு. அட்மின் கடவுச்சொல் எங்களில் ஒருவருக்குக் கொடுத்தால் ஒரு சனிக்கிழமையில் ஆறிலும் செய்துவிடலாம். மூன்று வருடமாகக் கேட்கிறேன். பீரோ சாவி மாதிரி அதை வைத்திருக்கிறீர்கள், எஸ்.பி. ரோட்டுக்காரருக்கு மட்டும் போனிலேயே சொல்லிவிடுகிறீர்கள்.

என் பங்குக்கும் தப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அந்த அம்மா முன்பு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "நோட்டு நனையும், கிழியும், கணினியில் போடுங்கம்மா, பத்திரமா இருக்கும்" என்று சொன்னவன் நான். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிவிட்டேன். நேற்று ஒரு வீட்டில் "போன மாசமே கொடுத்துட்டேனே" என்றார்களாம். கொடுத்தார்களா என்று பார்க்க மஞ்சள் நிறம் இல்லை. "சரிம்மா, அப்போ கொடுத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இன்னும் நாற்பத்திரண்டு வீடு.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். மூன்றாம் எண் கணினியில் இருப்பது 160 ஜிபி பழைய ஹார்டு டிஸ்க். புதிதாகப் போட்ட இயங்குதளம் அதில் ஒரு மூலையைத்தான் பிடித்திருக்கும், மற்ற இடத்தில் பழைய எழுத்துகள் இன்னும் அழியாமல் கிடக்கலாம். போட்டோரெக் என்று ஓர் இலவச நிரல் உண்டு. பென்டிரைவிலிருந்து கிளப்பி ஓடவிட்டால், கோப்பின் பெயர் போனாலும் உள்ளே இருக்கும் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு வெளியே எடுத்துப் போடும். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆயிரக்கணக்கில் பெயரில்லாத கோப்புகள் வரும், ஒவ்வொன்றாகத் திறந்து முதல் கட்டத்தில் "மல்லி" என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். நான் பார்க்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை. ஆனால் அந்தக் கணினியை ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் புதிது எதையாவது பழையதன் மேல் எழுதிக்கொண்டேதான் இருக்கும். வியாழக்கிழமை மதியம் பையன்கள் அதில் வீடியோ பார்த்ததாகக் கேள்விப்பட்டபோதே வயிற்றைக் கலக்கியது.

ஆகவே தலைவர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். இனி எந்தக் கணினிக்கும், யார் சொன்னாலும், ஹோம் அடைவைத் திறந்து பார்க்காமல் ஃபார்மட் போடாதீர்கள். கதவில் இருக்கிற அறிவிப்பை இன்றே கிழித்துவிடுங்கள். அந்த அம்மா தமிழ் படிப்பார், சாயங்காலம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். மூன்றாம் எண் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள். நாளை நாலு மணிக்குப் பென்டிரைவோடும் காலியான ஒரு ஹார்டு டிஸ்க்கோடும் வருகிறேன். அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் உறுப்பினர்