மாரிக்கு முன் குழுமத்துச் சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஊருக்கொரு பேஸ்புக் குழுமம், வட்டாரத்துக்கொரு வட்ஸ்அப் குழு என்று ஆகிவிட்டது. அவற்றை நடத்தும் நிருவாகத்துக்கும், சதம் வாங்காமல் பதிவுகளைச் சரிபார்த்து வெளியே விடும் மொடரேட்டர்மாருக்கும் பிணக்கு வந்தால் 'அட்மின் சண்டை' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். கோடையில் சிரிக்கலாம். மாரி தொடங்கினால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் எவ்வளவு, மாவடிப்பள்ளிப் பக்கம் போகலாமா, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தாயிற்றா என்பதையெல்லாம் சனம் முதலில் தேடுவது அந்தக் குழுமங்களில்தான். 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதை மறந்திருக்கமாட்டோம். ஒரு வீதி நிலவரம் சரியா பிழையா என்பது இங்கே உயிர்க் கணக்கு.

மொடரேட்டர் செய்வது என்ன என்பது வெளியில் தெரிவதில்லை. இரவு பத்தரைக்கு ஒரு பதிவு வருகிறது என்று வையுங்கள்: 'குளம் உடைஞ்சிட்டு, எல்லாரும் எழும்பி ஓடுங்க.' கூடவே ஒரு படம். முதலில் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு, போன வருடத்துப் படமா, வேறு நாட்டுப் படமா என்று பார்க்க வேண்டும். படத்திலுள்ள கடைப் பலகையில் என்ன எழுத்து, வாகன இலக்கத்தகடு எப்படி இருக்கிறது என்று பெருப்பித்துப் பார்க்க வேண்டும். பதிவிட்டவரின் கணக்கு நேற்றுத் தொடங்கியதா என்று பார்த்து, அந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அழைத்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலும் கேட்க வேண்டும். கைதேர்ந்தவருக்கே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் பதிவிட்டவர் நிருவாகிக்கு எழுதிவிடுவார்: 'உங்கட ஆள் செய்தியை மறைக்கிறான்.' ரொறன்ரோவில் இருக்கும் நிருவாகிக்கு அப்போது பட்டப்பகல். போன் திரையில் ஒரு தட்டுத் தட்டிப் பதிவை வெளியே விட்டுவிடுவார். பிணக்கில் பாதி இந்த ஒரு தட்டலில்தான் பிறக்கிறது.

இரத்தம் கேட்டு வரும் பதிவும் லேசான வேலை அல்ல. வைத்தியசாலை, விடுதி இலக்கம், இரத்த வகை, எந்தத் திகதிக்குத் தேவை, தொடர்பு இலக்கம் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் விட வேண்டும். கிடைத்ததும் 'கிடைத்துவிட்டது' என்று எழுதி மூட வேண்டும். மூடாமல் விட்டால் அதே பதிவு ஸ்கிரீன்ஷொட்டாகி வருடக்கணக்கில் சுற்றும். அந்த நோயாளி காலமான பிறகும் வீட்டுக்காரருக்கு அழைப்பு வந்துகொண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு 150 பதிவு, ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்று பார்த்தாலும் ஐந்து மணி நேரம். கொமென்ட் அதற்கு வெளியே. 'தானாகத் தடுக்கிற வசதி இருக்கே' என்பார்கள். அந்த வசதி கொடுத்த சொல்லைத்தான் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதிய தமிழ் வசையையும், எழுத்துக்கு நடுவில் புள்ளி வைத்த சிங்கள வசையையும் பிடிக்காது. 'அவனுகள்' என்ற வெறும் சொல் எந்த இடத்தில் யாரைக் குத்துகிறது என்பது இந்த மண்ணில் புழங்கியவருக்குத்தான் விளங்கும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரத்து உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்று ஒரு காணொளி பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக்கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்துத் திகனை எரிந்தது. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் நாட்கணக்கில் முடக்கியது. பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 இல். நம் பக்கத்துக் குழுமங்களில் கண் விழித்திருக்கும் நாலு பேருக்கு என்ன பெறுமதி என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

நிருவாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின், தன் பெயரில் இருக்கும் குழுமத்தில் யாரோ போட்டதற்குத் தன்னிடம் பொலிஸ் வருமோ என்ற பயம் நிருவாகிக்கு இருக்கும். விளம்பரம் எடுக்காமல் எத்தனை நாள் ஓட்டுவது என்பதும் நியாயமான கேள்வி. மொடரேட்டர்மாரும் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. தன் கட்சிக்காரரின் பதிவை முதலில் விட்டு, மற்றவருடையதை நாலு மணி நேரம் ஊறப்போடுபவரும், ரியூஷன் வகுப்பு விளம்பரத்தில் பிடிக்காத ஆசிரியருடையதை மட்டும் 'ஸ்பாம்' என்று அழிப்பவரும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து இரவோடிரவாக ஆளைத் தூக்குவதல்ல. வட்டையில், அதாவது வயல்வெளியில், காணி போடியார் என்ற நிலச் சொந்தக்காரருடையதாக இருக்கலாம். எந்த மடையை எப்போது திறப்பது என்பதைப் பார்ப்பவர் வட்டை விதானை. போடியார் கொழும்பிலிருந்து போன் போட்டு மடையைத் திறக்கச் சொன்னால் கீழ்வட்டைக்காரனின் வயல்தான் மூழ்கும்.

வெளிநாட்டிலும் இதே இழுபறிதான், தொகைதான் பெரிது. அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையக் கொம்பனி 1990களில் ஆயிரக்கணக்கான தொண்டர்களை வைத்து அரட்டை அறைகளைப் பார்த்தது. வேலைநேரம் குறித்து, அறிக்கை வாங்கி, சம்பளம் மட்டும் கொடுக்கவில்லை. 1999 இல் வழக்குப் போட்டார்கள். 15 மில்லியன் டொலரில் அது தீர 2010 ஆகிவிட்டது. ரெடிட் என்ற விவாதத் தளம் 2023 இல் வெளியார் செய்த செயலிகளுக்குக் கட்டணம் வைத்தது: செயலி தளத்திடம் தரவு கேட்கும் 5 கோடி அழைப்புக்கு 12,000 டொலர். அப்பலோ என்ற ஒரு செயலிக்கு மட்டும் வருடத்துக்கு 2 கோடி டொலர் வரும் என்று அதைச் செய்தவர் கணக்குக் காட்டினார். மொடரேட்டர்மார் பலர் அப்படிப்பட்ட செயலிகளில்தான் வேலை செய்தார்கள். ஜூன் 12 இல் ஆயிரக்கணக்கான உட்குழுமங்களைப் பூட்டினார்கள். நிருவாகம் பார்வையற்றோருக்கான செயலிகளுக்கு விலக்குக் கொடுத்தது, கட்டணத்தில் அசையவில்லை. திறக்காவிட்டால் ஆளை மாற்றுவோம் என்றது. 2024 செப்டெம்பரில், குழுமத்தைப் பூட்ட வேண்டுமென்றால் இனி எங்களிடம் அனுமதி கேளுங்கள் என்று விதியே போட்டுவிட்டது. சாவி கைமாறியது அங்கேதான்.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தின் கதை வேறு. செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை அழிப்பது பற்றி நிருவாகம் மொடரேட்டர்மாருக்கு மறைவில் ஒரு விதியும் வெளியில் இன்னொன்றும் சொன்னது. 2023 ஜூன் 5 இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரு தரப்பும் பேசி ஓகஸ்டில் முடிந்தது. பேச ஆள் நியமித்து, கேட்டதை எழுத்தில் வைத்ததால்தான் அது முடிவுக்கு வந்தது என்பது என் கணிப்பு.

நம்மூருக்கு வருவோம். சாவி எங்கே இருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். பேஸ்புக்கில் மொடரேட்டர் பதிவை விடலாம், அழிக்கலாம், ஆளை நீக்கலாம். அமைப்புகளை மாற்றவோ இன்னொருவரை அட்மின் ஆக்கவோ முடியாது. ஒரே ஒரு அட்மின் இருந்து அவரது கணக்கை யாராவது களவெடுத்தால் குழுமம் முழுவதும் போய்விடும். ஆகவே குறைந்தது மூன்று அட்மின். அதில் இருவர் இங்கேயே, வெவ்வேறு ஊரில், முடிந்தால் தமிழர் ஒருவரும் முஸ்லிம் ஒருவருமாக இருக்கவேண்டும். மூவருக்கும் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு. வட்ஸ்அப்பில் குழுவை உருவாக்கியவரை வேறு அட்மின் யாரும் நீக்க முடியாது, அவராக வெளியேறினால்தான் உண்டு. இருக்கும் ஒரே அட்மின் கோபத்தில் வெளியேறினால் செயலி தன்பாட்டில் உறுப்பினர் ஒருவரைப் பிடித்து அட்மின் ஆக்கிவிடும். 1,024 பேர் இருக்கும் குழுவில் அது யாராகவும் இருக்கலாம், மீன் விலை கேட்க வந்தவராகவும் இருக்கலாம்.

அடுத்தது எழுத்து. ஒரு பக்கம் போதும். விதி மாறுவதென்றால் ஏழு நாளுக்கு முன் மொடரேட்டர்மாருக்குச் சொல்வது. வெள்ள காலத்தில் மாற்றுவதே இல்லை. காசு வாங்கிப் போடும் பதிவின் முதல் வரியில் 'விளம்பரம்' என்று இருக்கவேண்டும். அது பொய் என்றால் மற்றப் பதிவு போலவே அழிக்கப்படும். இங்கேதான் அதிகம் முறியும், ஏனென்றால் விளம்பரக்காரருக்கு நிருவாகி ஏற்கனவே வாக்குக் கொடுத்திருப்பார். மொடரேட்டர் நிறுத்தி வைத்ததை நிருவாகி விடுவதென்றால், ஏன் என்று மொடரேட்டர்மாரின் தனிக்குழுவில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விடவேண்டும். ஆளை நீக்க இருவர் சம்மதம். வருமானம் வந்தால் முதலில் இரவு முறைக்காரரின் டேட்டாச் செலவு.

மொடரேட்டர் விலகுவதென்றாலும் ஒரு ஒழுங்கு உண்டு. நிலுவையில் கிடக்கும் பதிவுகளை முடித்து, திறந்திருக்கும் இரத்தப் பதிவுகளையும் தடை செய்தவர்களின் பட்டியலையும் காரணத்தோடு அடுத்தவரிடம் கொடுத்து, அவர் ஒரு இரவு தனியாகப் பார்த்த பிறகுதான் வெளியேற வேண்டும். குளங்கள் நிரம்பிக் கிடக்கும் கிழமையில் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. அதே கிழமையில் நிருவாகமும் யாரையும் நீக்கக் கூடாது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காரைதீவு.