அந்தச் சல்லிப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கிறது

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மேடையில் நின்றவர்கள் நீங்கள்தான். தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டத்தில் இடம் எடுத்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தீர்கள். முதல் இரண்டு பேருக்கும் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. அடுத்தது பாவோதல். "அந்தச் சல்லிப் பிள்ளை எங்க? மேல வா." அவ்வளவுதான் அறிவிப்பு. கூப்பிட்டவர் கையில் இருந்த சான்றிதழிலேயே பெயர் எழுதியிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் போதும்.

அந்தப் பிள்ளை என் மகள். அவளுடைய பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. இடாப்பில் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துப் பாருங்கள்.

சல்லி என்று சொன்னதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில், முத்துமாரியம்மன் கோயில் இருக்கிற எங்கள் ஊர் அது. திருவிழா என்றால் டவுனிலிருந்தும் சனம் வரும், உங்களில் சிலரையும் அங்கே கண்டிருக்கிறேன். அவளின் தகப்பன் கடலுக்குப் போகிறவர் என்பதிலும் வெட்கம் இல்லை. ஆனால் உப்புவெளியிலிருந்து வருகிற பிள்ளையை யாரும் "உப்புவெளி" என்று கூப்பிடுவதில்லை. வங்கி மனேஜரின் மகளை "பேங்க்" என்றும் கூப்பிடுவதில்லை. அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஊர் போதும், இல்லாவிட்டால் தகப்பனின் தொழில் போதும் என்று எப்போது முடிவாயிற்று?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அவள் தரம் 6 இலிருந்து உங்களிடம் படிக்கிறாள். இப்போது தரம் 9. "சல்லி, எழும்பு", "சல்லி, கரும்பலகையை அழி" என்று வகுப்பில் தொடங்கியது, பிறகு பிள்ளைகளின் வாய்க்கும் போய்விட்டது. கன்டீனில் நின்றால் "சல்லி, சல்லி இருக்கா?" என்று, காசையும் சேர்த்துக் கேட்டு ஒரு சிரிப்பு. பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, டீச்சர் சொல்வதைத்தானே அதுகள் சொல்லும். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து கொப்பி மட்டைகளில் தன் பெயரை மார்க்கரால் மொத்த எழுத்தில் எழுதுகிறாள். உறை போட்டு, உறைக்கு மேலேயும் எழுதுகிறாள். ஏன் பிள்ளை இப்படி மட்டையை அசிங்கப்படுத்துகிறாய் என்று கேட்டேன். "திருத்தேக்க டீச்சர் காணட்டும் அம்மா" என்றாள்.

டீச்சர் காணத்தான் செய்கிறார். திருத்தி, சரி போட்டு, கையொப்பமும் வைக்கிறார். ஆனால் அந்தக் கொப்பிகளை வகுப்பில் பகிர்ந்து கொடுப்பது மொனிட்டர். பெயரைப் பார்ப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. மொனிட்டருக்கு மட்டும் வகுப்பில் எல்லோருடைய பெயரும் தலைகீழாய்ப் பாடம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முடிந்த காரியம் இது.

இடாப்பும் அப்படித்தான். எண்ணைச் சொன்னால் பிள்ளை "பிரசன்ட்" என்கிறது, ஆசிரியர் தலை நிமிராமல் கோடு போடுகிறார். ஒவ்வொரு நாள் காலையும் பெயரையும் முகத்தையும் சேர்த்துப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு அப்படியே போகிறது.

கோபத்தில் அன்று இரவு போனில் இதைப்பற்றித் தேடித் தேடி வாசித்தேன். உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருப்பதும் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் மறப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். 1987 இல் இங்கிலாந்தில் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் குடும்பப் பெயரையும் தொழிலையும் பழக்கினார்கள். பேக்கர் என்பது அங்கே குடும்பப் பெயராகவும் இருக்கும், பாண் போடுகிறவரின் தொழிலாகவும் இருக்கும். அதே சொல் தொழிலாக வந்தபோது ஆட்களுக்கு நினைவு நின்றது, பெயராக வந்தபோது நழுவிவிட்டது. தொழில் என்றால் போறணை, மா, வாசம் என்று மனம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறது. வெறும் பெயருக்கு அது இல்லை.

ஆகவே மீன்காரரின் மகள், சல்லிப் பிள்ளை என்பது உங்கள் மனதில் ஒட்டியதும் பெயர் ஒட்டாததும் இயற்கைதான். ஒட்டாமலே நாலாவது வருடமும் ஓடுவது இயற்கை இல்லை. அது அக்கறையில்லாத்தனம்.

மத்திய வீதிப் பக்கம் ஒரு பாமசியில் நான் வேலை செய்கிறேன். ஒரே பெயரில் இரண்டு அம்மாமார் பிரஷர் மருந்துக்கு வருவார்கள், ஒருவர் கிண்ணியா, மற்றவர் பாலையூற்று. நானும் ஊரை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறேன். ஊர் ஒரு கொக்கி, பெயரை அதில் மாட்டவேண்டும். கொக்கியோடு நின்றுவிட்டால் ஒருவரின் குளிசை மற்றவரின் பைக்குள் போய்விடும்.

பிள்ளைகள் அதிகம், பெயர்களெல்லாம் ஒரே மாதிரி என்று ஓர் ஆசிரியர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். டிலக்ஷிகா, டிலக்ஷனா, டனுஷிகா என்று கேட்டால் யாருக்கும் தலை சுற்றும், ஒப்புக்கொள்கிறேன். சாத்திரியார் நட்சத்திரத்துக்கு எழுத்துக் கொடுத்தார், நாங்கள் அந்த எழுத்தில் வைத்தோம். கோணேஸ்வரன், மாதுமை என்று வைத்திருந்தால் மட்டும் நினைவில் வைத்திருப்பீர்களா? ஆறு வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் 240 பெயர். கஷ்டம்தான். ஆனால் முதலாம் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியும். குழப்படிக்காரனின் பெயர் அதைவிட நன்றாகத் தெரியும். நடுவில் சத்தமில்லாமல் இருக்கிற பிள்ளைகள்தான் "ஏய்", "நீ", "அந்தப் பிள்ளை", "சல்லி".

அவர்களுக்கோ உங்கள் எல்லோருடைய பெயரும் தெரியும். நீங்கள் எந்த ஊர், எந்த வருடம் இடமாற்றத்தில் வந்தீர்கள் என்பதும் தெரியும். பட்டப்பெயர்களும் தெரியும். அவற்றை இங்கே எழுதினால் நாளைக்கு மகள்தான் முழங்காலில் நிற்பாள், அதனால் விட்டுவிடுகிறேன்.

இது பாடசாலையோடு நிற்கிற சங்கதியும் இல்லை. கிளினிக்குக்குப் போனால் இலக்கம், வங்கிக்குப் போனால் டோக்கன். கந்தோரில் பெயரைச் சொன்னால் அடையாள அட்டை எண் என்ன என்று கேட்கிறார்கள். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்ததை 2016 இலிருந்து 12 இலக்கமாக ஆக்கிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க எண்ணாகத் திரியப்போகிற பிள்ளை, பெயரோடு இருக்கிற காலம் பள்ளிக்கூடக் காலம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அதற்கும் முந்திக்கொண்டீர்கள். பேசாமல் அடுத்த வருடம் முதுகில் நம்பர் அச்சடித்த சீருடை துணி கொடுத்தால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும்.

சரி, கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அதுவல்ல.

பணம் செலவாகிற எதையும் நான் கேட்கவில்லை. கொப்பிகளை மொனிட்டரிடம் கொடுக்காமல் நீங்களே பெயர் வாசித்து, வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கொடுங்கள். இடாப்பைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு பெயரைக் கேட்டவுடன் ஒருமுறை சொல்லிப் பார்த்து, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப, பாடம் முடியும்போது இன்னொருமுறை, பிறகு அடுத்த நாள் என்று இடைவெளியைக் கூட்டிக் கூட்டி நினைவுபடுத்தினால் நிற்கும் என்று லண்டாவர், பியோர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978 லேயே எழுதியிருக்கிறார்கள். முக்கியமான விஷயம், தாளைப் பார்க்கும் முன்னர் நீங்களாக நினைத்துப் பார்க்கவேண்டும்.

அதுவும் முடியாவிட்டால் மட்டை. அரிசோனாப் பல்கலைக்கழகம் ஒன்றில் 185 மாணவர்கள் படித்த வகுப்பில், மடித்த மட்டையில் பெயர் எழுதி ஒவ்வொருவர் முன்னாலும் வைக்கச் செய்தார்கள். அந்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. ஆசிரியர்களுக்கு உண்மையில் தெரிந்திருந்தது பாதிக்குச் சற்றுக் கூடிய பெயர்கள்தான். ஆனால் மாணவர்களில் 78 வீதமானவர்கள் தங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியும் என்று நம்பினார்கள். மட்டையைப் பார்த்துச் சொன்னாலும் பிள்ளைக்கு அது தன் பெயர்தான். உங்களிடமும் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. மறந்துவிட்டால் "பேரை ஒருக்கா சொல்லு பிள்ளை" என்று கேளுங்கள். நூறு தரம் கேட்டாலும் என் மகள் சொல்லுவாள். நாலு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவளின் கவலை.

அதிபர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சான்றிதழை அவள் அலுமாரிக்குள் வைத்துவிட்டாள், தகப்பனிடம்கூடக் காட்டவில்லை. அவரும் சக மீனவர்கள் சொல்லித்தான் அறிந்தார். அதை நாளைக்கே பாடசாலைக்குக் கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், அதே ஒலிபெருக்கியில், அதில் எழுதியிருக்கிற பெயரை வாசித்து அவளுக்குத் திரும்பக் கொடுங்கள். பாராட்டுரை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். தயவுசெய்து.

இப்படிக்கு,
தரம் 9 'பி' வகுப்பில், ஜன்னலோரம் இரண்டாவது வாங்கில் இருப்பவளின் தாய்