இரண்டாம் நாள் ராத்திரி

ஹாரோஹள்ளி,
மே 4

அன்புள்ள கலா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் இதை முழுசாகப் படி. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து நான் பெங்களூரில் அல்சூர் வீட்டில் இல்லை. கனகபுரா ரோட்டில், ஹாரோஹள்ளி தாண்டி ஒரு தோப்புக்குள் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள், அதில் வார்டன் வேலை. இங்கே ஏப்ரல் 10 வாக்கில் பள்ளிக்கூடம் மூடினால் மே கடைசியில்தான் திறக்கும். அந்த ஏழு வாரமும் இரண்டையும் எங்கே விடுவது என்று வருஷா வருஷம் அல்லாடுவேன். ‘உங்க குழந்தைங்களையும் கூட்டிட்டு வாங்க’ என்று இவர்கள் சொன்னதும் சரி என்றுவிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் சில்க் இன்ஸ்டிட்யூட் வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, துவைத்த துணியோடு வந்து இறங்குவார். அத்தை சௌக்கியம். உன் மூக்குக்கண்ணாடிக் கதையை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் தடுக்கவில்லை.

ஒரு பேட்சுக்கு 40 பிள்ளைகள், 7 வயதிலிருந்து 12 வரை, ஐந்து ராத்திரி. இந்த வட்டாரத்தில் பலாப்பழ வாசனைக்கு யானை இறங்கிவிடும் என்று தோப்பில் ஒரு காயையும் பழுக்க விடுவதில்லை, முற்றியதுமே வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி யாரும் தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் தீண்டும். கடித்த இடம் பெரிதாக வலிக்கவும் வலிக்காது, தூக்கத்திலேயே விஷம் ஏறிவிடும். அதனால் எல்லோருக்கும் கட்டில். கொசுவலையை மெத்தைக்கடியில் நாலு பக்கமும் செருகிவிட்டு, ஒவ்வொரு கட்டிலாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போவேன். காலையில் ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டித்தான் போட வேண்டும், தேள் இருக்கும். நம் சின்னதுக்கு 3 வயசு. தன் ரப்பர் செருப்பைக் கவிழ்த்து, தட்டி, ‘தேளு, போயிட்டு வா’ என்று சொன்ன பிறகுதான் காலை நுழைக்கிறாள். அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமையல்கட்டே கதி. ராகிக் களியை உருட்டி முழுங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பெரியவன்தான் என் கவலை. அவனுக்கு 6 வயசு, பேட்சில் சேர்க்கிற வயசும் இல்லை, சமையல்கட்டில் உட்கார்கிற வயசும் இல்லை.

முகாமில் முதல் ராத்திரி ஒன்றும் இருக்காது கலா. ஆடிய ஆட்டத்தில் அசந்து தூங்கிவிடுவார்கள். இரண்டாம் நாள் ராத்திரிதான் ஆரம்பிக்கும். அம்மா ஞாபகம் வருகிறது என்று ஒரு பிள்ளையும் சொல்லாது, வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். மாத்திரை கொடுக்கக் கூடாது. வெந்நீர் கொடுத்து, உங்க தெரு எது, வீட்டு கேட் என்ன கலர், நாய்க்கு என்ன பேர் என்று பேச்சுக் கொடுத்தால், பேசிப் பேசியே கண் சொக்கும். போன வாரம் 8 வயசுப் பெண் ஒருத்தி, எதற்கும் அடங்கவில்லை. மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றரை இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் இவன், தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எங்கள் அறையிலிருந்து அந்த இருட்டில், டார்ச் இல்லாமல், வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். எனக்குப் பதறிப்போய், ‘செருப்பு எங்கடா?’ என்று கத்திவிட்டேன். அவன் அழவில்லை. ‘அந்த அக்கா தூங்கினப்புறம் வருவியா?’ என்றான். செருப்பை மாட்டி, டார்ச்சோடு ஆயாவை அவனுடன் அனுப்பினேன். நான் போகும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தூங்கிவிட்டிருந்தான். உள்ளேயிருந்தே கொசுவலையை நாலு பக்கமும் அவனே செருகியிருந்தான், நான் செருகுகிற மாதிரியே, மூலையை மடித்து.

மறுநாள் காலை, ‘ஆன்ட்டி, இன்னொரு தோசை’ என்றான். 40 பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், விளையாடுகிறான் என்று நினைத்தேன். ராத்திரியும் ‘ஆன்ட்டி, குட்நைட்’. மூன்றாம் நாள் மடியில் இழுத்து உட்கார வைத்து, ஏன்டா என்று கேட்டேன். ‘அம்மான்னு கூப்பிட்டா நீ திரும்ப மாட்டேங்கற. ஆன்ட்டின்னா உடனே திரும்பற.’

அன்றிலிருந்து உன் நினைப்புத்தான். நம் ஹாஸ்டலில் நாங்கள் அத்தனை பேரும் உங்கம்மாவை அம்மா என்போம். நீ மட்டும்தான் ‘வார்டன்’ என்பாய். எவ்வளவு சிரித்திருக்கிறோம்! ஏழாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது, தலைமாட்டில் வேப்பிலையை வைத்துக்கொண்டு ஒன்பது ராத்திரி அம்மா என் பக்கத்திலேயே படுத்திருந்தார்கள். நீ தினமும் சாயங்காலம் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாய். என்னைப் பார்க்க என் சிநேகிதி ஒருநாள் தவறாமல் வந்தாள் என்று இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். நீ என்னைப் பார்க்க வரவில்லை, இல்லையா?

அந்த ஒன்பது ராத்திரிக்கு நான் உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அம்மா எனக்குச் செய்ததை மறக்கவும் முடியவில்லை, அது உன் பங்கிலிருந்து வந்தது என்பதையும் இனி மறக்க முடியாது.

இங்கே இரண்டாம் நாள் ராத்திரிக்கு மட்டும் இன்னொரு ஆள் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, இந்தப் பணத்தில்தான் அவன் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும். அந்த வயசில் உனக்கு என்ன வேண்டியிருந்தது என்று எழுது. அம்மா எந்த நேரத்தில் வந்திருந்தால் போதும் என்று இருந்தது? படுக்கும்போதா, விடியும்போதா? போன் பண்ணாதே, ‘அதெல்லாம் ஒண்ணுமில்லடீ’ என்று வைத்துவிடுவாய். அம்மாவிடம் இதைக் காட்டவும் வேண்டாம்.

கடைசி பேட்ச் 18ஆம் தேதி வருகிறது. அதற்குள் உன் கடிதம் வர வேண்டும்.

அன்புடன்,
சுமதி