மகளிர் பிரிவின் வரையறையும் மைதானத்துச் சந்தேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் போட்டிகளில் திருநங்கையர் கலந்துகொள்வது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும் அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஈரோடு மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டி வரை பெண் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பழக்கத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மகளிர் பிரிவுக்கு ஒரு வரையறை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வரையறையை யார், எந்த மட்டத்தில், எவ்வாறு சோதித்துப் பார்ப்பது என்பதைப் பேசாமல் விட்டுவிட்டால், திருநங்கை ஒருவர்கூடப் பெயர் கொடுத்திராத மைதானங்களில் நம் பெண் பிள்ளைகளே அவமானப்பட நேரும் என்பதுதான் என் கவலை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். அக்கட்டுரை அமெரிக்க நீச்சல் வீராங்கனை லியா தாமஸ், தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா, அல்ஜீரியக் குத்துச்சண்டை வீராங்கனை இமான் கெலிஃப், நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் ஆகிய நால்வரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தது. இவர்களில் லியா தாமஸ் ஒருவரே திருநங்கை. முன்பு ஆண்கள் அணியில் நீந்தி, பின்னர் பெண்ணாக மாறி, 2022 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் 500 கெஜ நீச்சலில் பட்டம் வென்றவர் அவர். செமன்யாவும் சாந்தியும் பிறந்த நாள் தொட்டுப் பெண்ணாகவே வளர்ந்தவர்கள். அவர்களுடையது ஆண், பெண் கூறுகள் கலந்து உடலுக்குள் பிறவியிலேயே அமைந்த ஊடுபால் தன்மை. கெலிஃபின் தகுதி பற்றி எழுந்த தகராறும் திருநங்கையர் பற்றியதன்று. ஒரு வகைக்குச் சொல்லும் நியாயம் மற்றொரு வகைக்குப் பொருந்தாது என்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருநங்கையர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆண், பெண் பிரிவுகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதை 800 மீட்டர் ஓட்டத்தைக் கொண்டே விளக்கலாம். ஆண்களில், 2012இல் லண்டனில் டேவிட் ருடிஷா 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பெண்களில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக அசைக்க முடியாமல் நின்ற சாதனை, 1983இல் ஜார்மிலா க்ராடோச்விலோவா ஓடிய 1 நிமிடம் 53.28 நொடி. இருவரும் ஒரே தடத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ருடிஷா கோட்டைத் தொடும் நேரத்தில் அந்த அம்மையார் 80 மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பார். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த இடைவெளி கிடையாது. சிறுமிகள் பையன்களை முந்திவிட்டு, பிறகு நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பருவமடைந்த பின், ஆண்களிடம் மிகுதியாக உள்ள டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரின் சுரப்பினால் உயரம், எலும்பு, தசை, இதயம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு என்று எல்லாம் மாறும்போதுதான் இடைவெளி திறக்கிறது. ஓட்டத்திலும் நீச்சலிலும் அது 10 முதல் 12 சதவீதம். பளுதூக்குதல் போன்றவற்றில் இன்னும் மிகுதி.

அந்தச் சுரப்பைப் பின்னர் மருந்தால் குறைத்தால் இடைவெளி மறைகிறதா என்பதுதான் சிக்கலான கேள்வி. ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை வலிமையோ ஓராண்டுக்குப் பிறகும் சிறிதளவே குறைகிறது. எலும்பின் நீளம் குறைவதற்கு வழியே இல்லை. அமெரிக்க விமானப்படையில் இருந்த திருநங்கையரின் உடற்தகுதித் தேர்வுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஈராண்டு சிகிச்சைக்குப் பின் தண்டால் எடுப்பதில் வேறுபாடு மறைந்தது, ஓட்டத்தில் மட்டும் வேகம் மீதியிருந்தது. அவர்கள் போட்டிக்குப் பயிற்சி பெற்ற வீராங்கனையர் அல்லர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆக, முழு விடை இல்லாவிட்டாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. உலக நீச்சல் சம்மேளனம் 2022 ஜூனிலும், உலக தடகள அமைப்பு 2023 மார்ச்சிலும், சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2023 நவம்பரிலும், ஆணாகப் பருவமடைந்த திருநங்கையர் சர்வதேச மகளிர் போட்டிகளில் ஆட முடியாது என்று விதித்ததை, அந்த மட்டத்துக்கு, நான் ஏற்கிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் ஒரு முறைகூடப் பளுவைச் சரியாகத் தூக்கவில்லையே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒருவர் தோற்றதையும் ஒருவர் வென்றதையும் காட்டி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

நம் ஊரில் ஒரு மாவட்டப் பதக்கம் வெறும் வெண்கலத் துண்டன்று என்பதும் இந்த ஏற்புக்கு ஒரு காரணம். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு விடுதியில் இடமும், கல்லூரியில் இடமும், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டுக்குப் போகும் வழியும் திறக்கின்றன. தறிப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் வேலைக்குப் போய்வரும் பெற்றோரின் மகளுக்கு அந்த வழியின் அருமை தெரியும். அதைக் காக்க வேண்டும் என்று கேட்பவர்களைத் திருநங்கையரின் பகைவர் என்று முத்திரை குத்துவது முறையன்று.

ஆனால் காப்பது என்ற பெயரில் இதுவரை நடந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 வீராங்கனையரைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஆண் மரபணுக்கூறு தென்பட்டது. எண்மரும் மேல்விசாரணைக்குப் பின் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர்கூட வேடமிட்டு வந்த ஆண் இல்லை. 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற சாந்தியிடமிருந்து சோதனைக்குப் பின் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது, அவர் உடல் பற்றிய செய்தி உலகமெல்லாம் பரவியது, பின்னாளில் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. 2014இல் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்ட ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வரை போய், வீராங்கனையரின் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கு வரம்பு வைத்த விதியையே 2015இல் நிறுத்திவைக்கச் செய்தார். சாந்திக்கு அப்படி ஒரு வழக்கறிஞர் பட்டாளம் வாய்க்கவில்லை. 2025 செப்டம்பர் முதல் உலக அளவில் போட்டியிடும் தடகள வீராங்கனையர் அனைவரும் வாழ்நாளில் ஒரு முறை, கருவில் ஆண் உடலமைப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு உள்ளதா என்ற சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது புதிய விதி. 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, அந்த ஒரு சோதனையை மட்டும் கொண்டு ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் ஆய்வகமும் மருத்துவரும் மேல்முறையீடும் உள்ள இடத்தில் அது நடக்கிறது என்பதையாவது சொல்லலாம்.

நம் மைதானங்களில் இவற்றில் எதுவும் இல்லை, கண் மட்டுமே இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வருவாய் மாவட்டப் போட்டி ஒன்றில், 17 வயதுக்குட்பட்டோர் 800 மீட்டருக்குக் காத்திருந்த ஒரு மாணவி, பனியனில் எண் துணியை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தாள். பழனியில் மொட்டை போட்டு முடி சரியாக வளராத தலை, காட்டு வேலையில் கருத்துத் திரண்ட தோள்கள், மேலுதட்டில் மெல்லிய ரோமம். வேறு பள்ளிப் பிள்ளையின் தந்தை ஒருவர் வந்து, “ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ள பையனாட்டவே இருக்குதுங்களே, நல்லா விசாரிச்சுத்தான் உட்டீங்களா?” என்று அவள் காதுபடவே கேட்டார். அங்கிருந்த அலுவலர் ஒருவர், “அறைக்குள்ள கூட்டிட்டுப் போயி ஒரு பார்வை பாத்துரலாங்க” என்றார். நான் மறுத்துவிட்டேன். அவள் ஓடினாள், நான்காவதாக வந்தாள். அத்தோடு புகாரும் காணாமல் போயிற்று. வென்றிருந்தால் விட்டிருப்பார்களா என்பது எனக்கு ஐயமே. உலக அமைப்புகள் விதித்த தடையை நாளிதழில் படித்துவிட்டு அதையே துணையாகக் கொண்டு இப்படிக் கேட்பவர்கள் இனிப் பெருகுவார்கள். இதை மிகையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

திருநங்கையர் விளையாடவே வேண்டாமா என்றால், அதுவன்று என் கருத்து. சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி, சென்னை உயர் நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பால் காவல் உதவி ஆய்வாளரானார். அந்தத் தேர்வில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு நொடி பிந்தியவர் அவர். திருநங்கை என்றாலே பெண்களை ஊதித்தள்ளிவிடுவார் என்று பேசுவோர் இதையும் நினைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்து 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும், பதக்கமோ ஒதுக்கீடோ சம்பந்தப்படாத மாரத்தான், இறகுப்பந்து, கைப்பந்து ஆட்டங்களிலும் அவர்களைத் தடுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கபடியில் மட்டும் தயங்குகிறேன். நோம்பி சாட்டிய ஊர்களில் விளக்கொளியில் நடக்கும் பெண்கள் கபடியில் மோதலும் அடியும் உண்டு, ரொக்கப் பரிசும் உண்டு. அங்கே எடைப்பிரிவையும் காயத்தையும் கருதாமல் அனுமதிப்பது பொறுப்பாகாது. அவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தால் போதும் என்பாரும் உண்டு. உலக நீச்சல் சம்மேளனம் 2023இல் பெர்லின் போட்டியில் பொதுப் பிரிவு ஒன்றை அறிவித்தது. ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுப்பவரை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்றால் யார் முன்வருவார்கள்?

பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறிய திருநம்பியரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் எடுத்துக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊக்கமருந்துப் பட்டியலில் இருப்பதால், மருத்துவ விலக்குச் சான்று இல்லாமல் ஆண்கள் பிரிவிலும் ஆட முடியாது. அந்தச் சான்றை எப்படிப் பெறுவது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகங்களிலாவது சொல்லித்தர ஏற்பாடு வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித்துறையும் மாவட்டப் போட்டிகளுக்கு எழுத்துப்பூர்வமான நடைமுறை ஒன்றை வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பிறப்புச் சான்றும் பள்ளிப் பதிவேடும் இருந்தால் குறுவட்ட, மாவட்ட மட்டத்தில் அதற்கு மேல் கேள்வி எழக் கூடாது. எவரேனும் ஐயம் எழுப்பினால் பெயரும் கையெழுத்தும் இட்டு எழுதித் தர வேண்டும். அதை மைதானத்தில் எவரும் விசாரிக்கலாகாது. பெற்றோர் சம்மதத்துடன் அரசு மருத்துவர் ஒருவரே பார்க்க வேண்டும், முடிவு அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டுமே போக வேண்டும், அதுவரை அவள் ஓடவும் வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய புகார் ஒன்று தங்கள் செய்தியாளருக்குக் கிடைத்தால், மாணவியின் பெயரையும் ஊரையும் படத்தையும் வெளியிடாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.