எங்க அண்ணன குடியிலேருந்து மீட்டுக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

அண்ணன்கிட்ட கேட்டுட்டுதான் இத எழுதுறேன், "எழுது, ஆனா பேரு மட்டும் போடாத"ன்னு சொல்லிட்டாரு. பட்டுக்கோட்டை பக்கம் புதாத்து பாசனம் எங்களுக்கு, அதான் கல்லணைக் கால்வாய்த் தண்ணி, ஊர்ல பாதி பேருக்கு எங்க கதை தெரியும், ஆனா யாரு யாரு கைகுடுத்தாங்கன்னு தெரியாது, அதான் இந்த நன்றி மடல்.

மொதல்ல 108 தம்பிங்களுக்கு. கோயில்ல கயிறு கட்டிட்டு வந்து அண்ணன் ஒரே அடியா குடிய நிறுத்தினாரு, எல்லாரும் சந்தோசப்பட்டோம், மறுநா ராத்திரியே கை கால் இழுத்து வாயில நுரை தள்ளிடுச்சு. யாரோ இரும்ப எடுத்துட்டு ஓடி வர்றாங்க, அந்த தம்பி அத வாங்கி ஓரமா வச்சிட்டு அண்ணன ஒருக்களிச்சு படுக்க வச்சாரு, "கடைசியா எப்ப குடிச்சாரு"ன்னுதான் மொத கேள்வி கேட்டாரு. அந்த ஒரு கேள்விதான் அன்னைக்கு வைத்தியத்தையே சரியான பக்கம் திருப்புச்சு.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ராத்திரி டூட்டில இருந்த நர்ஸ் அக்கா, உங்கள என்னன்னு சொல்றது. போர்வையில எறும்பு ஊருதுன்னு அண்ணன் ஒண்ணொண்ணா பொறுக்கி கீழ போட்டுட்டு இருந்தாரு, அங்க எறும்பே கிடையாது. நீங்க அதட்டவே இல்ல, "போயிடும் அண்ணே, நான் இங்கதான் நிக்கிறேன்"னு அந்த நடுங்குற கைய புடிச்சிக்கிட்டே ஊசி போட்டீங்க. க்ளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வைட்டமின் பி1 ஊசி எதுக்குன்னு நான் கேட்டதுக்கு, ரொம்ப நாள் குடிச்ச உடம்புல அந்த சத்தே இருக்காது, அது இல்லாம வெறும் க்ளுக்கோஸ் ஏத்துனா மூளையே பாதிக்கலாம்னு அந்த அவசரத்துலயும் நின்னு சொன்னீங்க.

டாக்டரம்மா எங்களுக்கு வெளங்குற மாதிரி சொன்னாங்க. சாராயம் மூளைய தினமும் அமுக்கி வைக்குது, மூளையும் ஈடுகட்ட எதிர்ப்பக்கம் வேகத்த கூட்டிக்கிட்டே போகுது, திடீர்னு குடிய நிறுத்தினா மதகுப் பலகைய பட்டுனு தூக்குன மாதிரி எல்லாம் ஒரே நேரத்துல பாயுது, அதான் நடுக்கமும் வலிப்பும் புத்தி தடுமாறுறதும். கடைசியா குடிச்சதுலேருந்து 48 மணி நேரத்துக்குள்ள வலிப்பு வரலாம், 2லேருந்து 4 நாளுக்குள்ள புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அதனால தினமும் நெறைய குடிக்கிறவங்கள வீட்ல பூட்டி வச்சு நிறுத்தாதீங்க, டாக்டர் பார்வையில நிறுத்துங்க, இத நான் கைகூப்பி கேக்குறேன்.

"எப்பலேருந்து தினமும் குடிக்கிறீங்க"ன்னு அவங்க கேட்டப்பதான் 2018 நவம்பர் 16 வெளிய வந்துச்சு. கஜா புயல் அடிச்ச ராத்திரி. அதுக்கு முன்னாடி எப்பவாச்சும் உடம்பு வலிக்குன்னு குடிப்பாரு, விடிஞ்சு பாத்தா அப்பா வச்ச தென்னை அம்புட்டும் படுத்து கெடக்கு, புதுசா வச்சா காய்ப்புக்கு வர அஞ்சாறு வருசம் ஆவும், வட்டிக்காரன் அம்புட்டு நாள் காத்திருப்பானா? தூக்கம் வரலன்னு குடிக்க ஆரம்பிச்சாரு. எங்க தாத்தாவும் குடிச்சே போனவரு, இந்த நோய்க்கு ஏறக்கொறைய பாதி பங்கு பரம்பரைன்னு டாக்டரம்மா சொன்னாங்க, மீதி கவலை, பழக்கம், சுலபமா கெடைக்கிறது எல்லாம். கொழுப்பெடுத்து குடிக்கிறான்னு பேசுனவங்க இத கொஞ்சம் கேளுங்க. அண்ணன் அந்த தோப்புக் கதைய ஒரு மனுசர்கிட்ட முழுசா சொல்லி அழுதது அன்னைக்குதான்.

எங்க கடைத்தெரு மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு தனியா ஒரு கும்பிடு. சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்கலாம்னு சொந்தக்காரர் ஒருத்தர் டைசல்ஃபிராம் மாத்திரை வாங்க வந்தப்ப, சீட்டு இல்லாம தரமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அது உள்ள இருக்கையில குடிச்சா மூஞ்சி செவந்து வாந்தி, படபடப்பு, நெஞ்சே நின்னு போறது வரைக்கும் போகலாம், சாப்பிடுறவருக்கு தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் சொல்லி எடுக்குற மருந்து அது. அண்ணனுக்கு ஈரல் பரிசோதனை பாத்துட்டு ஆசைய கொறைக்கிற நால்ட்ரெக்சோன்தான் எழுதுனாங்க.

ஒரு தீபாவளிக்கு அண்ணன் திரும்பவும் குடிச்சாரு. நாங்க ஒடஞ்சு போய் நின்னோம், கவுன்சிலர் சாரு கொஞ்சமும் முகம் சுளிக்கல, யாரோட இருந்தீங்க, என்ன நெனப்பு வந்துச்சு, அடுத்த தடவ அந்த நேரத்துல யாருக்கு போன் பண்ணுவீங்கன்னு பொறுமையா ஒக்காந்து எழுத வச்சாரு.

அந்த போன எடுக்குறவரு ஏஏ கூட்டத்து பெரியவரு, ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய நிறுத்த நெனைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைகுடுக்குற கூட்டம். 1935ல அமெரிக்காவுல குடியால சீரழிஞ்ச ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் டாக்டர், ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசி ஆரம்பிச்சதாம் அது, காசு கிடையாது, நிறுத்தணும்னு ஆசை இருந்தா போதும். பெரியவரே, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் "சொல்லுப்பா"ன்னு எடுக்குறீங்களே, எங்க அண்ணி உங்க பேர சொல்லித்தான் வெளக்கு ஏத்துறாங்க.

இதே கஷ்டத்துல இருக்குறவங்க 14446க்கு போன் போடுங்க, போதைப் பழக்கத்துக்குன்னே உள்ள இலவச நம்பர், மனசு சரியில்லன்னா 14416.

பங்காளிங்களுக்கும் நன்றி, விசேசத்துல அண்ணன் பக்கத்துல யாரும் பாட்டில தொறக்கல. தை மாசம் அண்ணன் மகளுக்கு காதுகுத்து வச்சிருக்கோம், எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க, அன்னைக்கும் அப்படியே பாத்துக்கோங்க.