நனைந்த நோட்டுகள்

ஊத்தங்கரை
30.11.2025

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழைக்காலம் வந்ததும் அம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டது, தைலமும் வெந்நீருமாக ஓடுகிறது. பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி போடுவதில்லை. உன் வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா?

செவ்வாய் ராத்திரி நீ பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "அஞ்சு வருஷமா இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போடல, கையில ஒரு பேப்பர் இல்ல, வீட்லகூட சொல்லல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போனில் பேசினால் இனியும் பாதியில் நிறுத்துவாய். அதனால்தான் கடிதம்.

நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன். 2022-23, 2023-24 இரண்டு நிதியாண்டுக்கும் நான் வருமான வரி தாக்கல் செய்யவே இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் வரிக்கென்று ஒதுக்கிய பணம் அங்கே போனது. அடுத்த வருஷம், போன வருஷத்தையே போடாதவன் இதை எப்படிப் போடுவது என்று கூச்சம். ஜிஎஸ்டியை மட்டும் விடவில்லை. இரண்டு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் சரக்கோடு போகவேண்டிய ஈ-வே பில் எடுக்க முடியாது, சரக்கு நகராது. வருமான வரிக்கு அப்படி உடனடி நெருக்கடி இல்லாததால் தள்ளிப்போட்டேன்.

அப்புறம் அந்த மழை. இன்னும் இரண்டு நாளில் ஒரு வருஷம். ஃபெஞ்சல் புயலின் மழை ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த தண்ணீரில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துப் போனதை நீயும் டிவியில் பார்த்தாய். என் பம்ப் மோட்டார் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். பைப்பும் சொட்டுநீர்க் குழாயும் கழுவினால் தேறும், மோட்டார்கள் தேறவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பில் புத்தகம், கடன் நோட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் சேறு. நோட்டுகளை மொட்டைமாடியில் விரித்துக் காயவைத்தோம். பக்கங்கள் அப்பளம்போல ஒட்டிக்கொண்டன. பிரித்தால் நீல மை வெறும் கறையாக இருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த நினைப்பை உனக்கு மட்டும் சொல்கிறேன். இனி யாரும் கணக்குக் கேட்க முடியாது, எல்லாம் தண்ணீரில் போய்விட்டது என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அது தப்பான நிம்மதி. என் தொழிலின் கணக்கு என் அலமாரியில் மட்டும் இருக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஓசூரில் லேத் ஷெட் மாற்றும்போது உன் ஃபைல்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள், கணக்குப் பையன் கம்ப்யூட்டரோடு போய்விட்டான் என்றாயே, உன் கதையும் இதுதான்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தேன். உள்ளே போகவே கால் கூசியது. அவர் திட்டவில்லை. "முதல்ல இன்கம்டாக்ஸ் போர்டல் லாகின் உங்க கையில இருக்கா?" என்று கேட்டார். இல்லை. பதிவான போன் நம்பரும் மெயிலும் பழைய கணக்கருடையவை. ஆதாருக்கு வரும் ஓடிபி வைத்து பாஸ்வேர்டை மாற்றி, என் நம்பரைப் பதிந்தோம். நீயும் முதலில் இதைச் செய். நோட்டீஸ் ஏதாவது வந்திருந்தால் அந்தப் பையனின் மெயிலுக்குத்தான் போயிருக்கும். ஒரு வருஷத்துக்கு வரித்துறை மதிப்பீட்டு நடவடிக்கையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால், கெடு முடிந்த வருஷத்துக்குப் பிறகு போடும் புதுப்பித்த ரிட்டர்னை அந்த வருஷத்துக்குப் போட முடியாது. அப்படி இருந்தால் நோட்டீஸுக்குப் பதில் சொல்வதுதான் முதல் வேலை.

அடுத்து, நம் பேரில் பிடித்த வரியும் நடந்த பணப் பரிமாற்றமும் பதிவாகியிருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு அறிக்கைகளையும் போர்டலிலிருந்து வருஷவாரியாக இறக்கினோம். எனக்கு அதில் அதிகம் இல்லை. உனக்கு நிறைய இருக்கும். நீ லேத் வேலை செய்து கொடுக்கும் கம்பெனிகள் உன் பில்லில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்திருப்பார்கள். எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பிடித்தது என்பதெல்லாம் உன் பான் நம்பரில் ஏறியிருக்கும். நீ தொலைத்த பில்களில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

விற்பனைக்கு நாமே மாதாமாதம் ஜிஎஸ்டி போர்டலில் கொடுத்த விற்பனைக் கணக்கு, ஜிஎஸ்டிஆர்-1, இருக்கிறது. வாங்கியதற்கு அதே போர்டலில் 2பி என்ற பட்டியல். நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்கள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. என் நோட்டில் நான் எழுத மறந்த மூன்று பில்கள்கூட இருந்தன. பாங்கில் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். சேலத்து மொத்தக் கடைக்காரர்களிடம் லெட்ஜர் காப்பி கேட்டேன், இருவர் மறுநாளே அனுப்பினார்கள், ஒருவர் ஒரு மாதம் இழுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கி, கடை மூழ்கிய போட்டோக்களோடு ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். கணக்கு ஏன் இல்லை என்று நாளை யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே.

எந்தப் போர்டலிலும் இல்லாதது கடன் நோட்டுதான். நம் பக்கத்து விவசாயி மோட்டார் எடுத்தால் மா சீசன் முடிந்துதான் பணம் தருவார். யாரிடம் எவ்வளவு என்பது நனைந்துபோன அந்த நோட்டில் மட்டும் இருந்தது. கடையைக் கழுவிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, உன் நோட்டு போயிடுச்சாமே. என் பேர்ல பதினோராயிரத்து நானூறு நிக்குது, எழுதிக்கோ" என்றார். பணம் அன்று அவரிடம் இல்லை. சொல்லிவிட்டுப் போகவே பஸ் ஏறி வந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புது நோட்டில் முதல் வரி அவர் பேர். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வராதவர்களும் உண்டு. இந்த வருஷம் மாங்காய் விலை விழுந்த வீழ்ச்சியில் வந்தவர்களாலும் முழுசாகக் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் நோட்டில் முக்கால்வாசி திரும்ப எழுதிவிட்டேன்.

ஒருவர் எனக்கு யோசனை சொன்னார், பழைய தேதி போட்டு நோட்டு எழுதிவிடலாம், வெள்ளத்தில் போன சரக்கையும் இரண்டு மடங்காகக் காட்டலாம் என்று. உனக்கும் அப்படி யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதே. இல்லாத கணக்கை இல்லை என்று சொல்லலாம், பொய்க் கணக்கு எழுதிவிட்டால் அதற்கு விளக்கமே கிடையாது. அந்தப் பெரியவர் வந்து நின்ற வாசலில் உட்கார்ந்து பொய் எழுத எனக்குக் கை வராது.

நம்மைப்போலச் சின்னத் தொழிலுக்கு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வரவு 2 கோடிக்குள் இருந்தால், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், பாங்க் வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டலாம், முழுக் கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. உன் வேலைக்கு இது பொருந்தும். உண்மை லாபம் அதற்கு மேல் என்றால் மேலேதான் காட்டவேண்டும். மொத்த வரவு மட்டும் சரியாக இருக்கவேண்டும், ஜிஎஸ்டியில் ஒன்று இதில் ஒன்று என்று இருக்கக் கூடாது.

இனி தேதிகளைக் கவனி. 2024-25 நிதியாண்டுக்கு இந்த 2025 டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். தாமதக் கட்டணம் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அதற்கு முந்தைய நான்கு வருஷத்துக்கும் ஐடிஆர்-யு, அதாவது மேலே சொன்ன புதுப்பித்த ரிட்டர்ன். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின்மேல் 2023-24க்கு 25 சதவீதம், 2022-23க்கு 50, 2021-22க்கு 60, 2020-21க்கு 70 கூடுதலாகக் கட்டவேண்டும். வரி, வட்டி 40,000 என்றால் 25 சதவீதத்தில் 10,000 கூடும், 50 சதவீதத்தில் 20,000. வரும் 2026 மார்ச் 31 தாண்டினால் ஒவ்வொரு வருஷமும் ஒரு படி ஏறும், 2020-21க்குக் கதவே மூடிவிடும். அதனால்தான் இப்படி அவசரப்படுத்துகிறேன்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐடிஆர்-யுவில் தவணை கிடையாது, பணம் கட்டிய சலானோடுதான் தாக்கல் செய்யமுடியும். ரீஃபண்டும் கேட்க முடியாது. உன்னிடம் பிடித்த டிடிஎஸ் வரியில் கழியும், மிஞ்சினால் ஐடிஆர்-யு வழியாகத் திரும்ப வராது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனு போட வழி இருக்கிறது, ஆடிட்டரிடம் கேள். எனக்கு இன்னொரு அடியும் விழுந்தது. வெள்ளத்தில் அழிந்த மோட்டார்களுக்கு எடுத்திருந்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டதை, திருப்பிக் கட்டவேண்டும் என்பது சட்டம். சரக்கும் போய் அதன் வரியும் போனது. இது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன், ஆனாலும் கட்டினேன். வீட்டுக்காரியின் இரண்டு வளையல் இன்னும் கூட்டுறவு பாங்கில் இருக்கிறது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்ன ராத்திரி அவள் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு வருஷமா இதைத் தனியா சுமந்தீங்களா?"

தங்கச்சியிடம் சொல்லிவிடு. நான் வந்து சொல்லட்டுமா என்றால் அதுவும் சரி.

வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஓசூர் வருகிறேன், கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். பான் கார்டு, பாங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்து வை, மூடிவிட்ட கணக்கு இருந்தால் அதையும். ஆதாரில் இருக்கும் நம்பர் எந்த சிம் என்று பார்த்து, அது இன்னும் ஓடுகிறதா என்று இன்றே ஒரு தடவை கூப்பிட்டுப் பார். அதே நம்பரிலிருந்து எனக்கும் ஒரு கால் போடு.

உன் நண்பன்