48 கிலோவுக்கு ஓர் இடம்: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் கிர்ஸ்டி கவன்ட்ரி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பாக்சிங் தாத்தா காலத்திலிருந்து தெருவோடு ஊறிய விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளை கிளவுஸ் மாட்டியது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு வயது 17, 48 கிலோ எடைப்பிரிவில் ஆடுகிறாள். ஐந்து வருடமாக அவள் கையில் சுற்றும் பேண்டேஜ் துணியைத் துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டு, சுருட்டி வைப்பது என் வேலை. அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டே அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்த விளையாட்டை நானும் படித்துக்கொண்டேன்.

போன மாதம் அவளுடைய பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்: "அம்மா, பாப்பாவுக்குத் திறமை இருக்கு. ஆனா 48-லயே இருந்தா ஒலிம்பிக் கிடையாது. மேல ஏறணும்." மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் தராசில் ஏறினாள். 47.3. இறங்கிப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மறுபடி ஏறினாள். 47.8. "பாத்தியாம்மா, ஏறிடுச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேரி கோம் ஞாபகம்தான் வந்தது.

மேரி கோமை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் அவர் கதையை எடைத் தராசின் பக்கத்தில் நின்று ஒரு முறை சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

மணிப்பூரில் சுராசந்த்பூர் மாவட்டத்தில் காங்கதெய் என்று ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்தவர்கள். பள்ளியில் ஓட்டம், ஈட்டி எறிதல் என்று இருந்த பெண்ணை, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மணிப்பூரின் டிங்கோ சிங் வாங்கிய தங்கம் குத்துச்சண்டைப் பக்கம் திருப்பியது. இம்பாலுக்கு வந்து பயிற்சி எடுத்தார். வீட்டில் சொல்லவில்லை. 2000-இல் மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் அப்பாவுக்கே தெரியும். முகத்தில் அடிபட்டால் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவர் பயந்தாராம். அந்தக் கேள்வி எங்கள் தெருவில் இன்றைக்கும் கேட்கிறது, நானே கேட்டிருக்கிறேன்.

பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டியே 2001-இல்தான் முதன்முதலாக நடந்தது, அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில். அதில் மேரி கோமுக்கு வெள்ளி. அப்புறம் 2002, 2005, 2006 மூன்றிலும் தங்கம். கல்யாணம், பிரசவம். 2007 ஆகஸ்டில் இரட்டைப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது, 2008 நவம்பரில், சீனாவின் நிங்போவில் மறுபடியும் தங்கம். 46 கிலோ பிரிவு.

இந்த நிங்போ போட்டியில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். அதே போட்டியில் 54 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றில் இரண்டு பேர் மோதினார்கள். போலந்தின் கரோலினா மிஹால்சுக் தங்கம் வாங்கினார், இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ் வெள்ளி. மேரி கோமுக்கும் அவர்களுக்கும் நடுவில் எட்டு கிலோ. ஒரே கூரையின் கீழ் விளையாடினாலும் அந்த மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் மோதவே முடியாது. எடைப்பிரிவு என்பதே அதற்காகத்தானே இருக்கிறது.

2009 ஆகஸ்டில் நீங்கள் பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்தீர்கள். அந்த முடிவுக்கு நாங்கள் என்றைக்கும் நன்றி சொல்வோம், அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் பெண்களுக்குக் கொடுத்தது மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. ஆண்களுக்குப் பத்து. அப்படி நடந்த 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன ஆண் குத்துச்சண்டை வீரர்கள் 250 பேர், பெண்கள் 36 பேர்.

ஆண்களின் அந்தப் பத்துப் பிரிவுகளில் மிகச் சிறியது 49 கிலோ. பெண்களுக்கு மிகச் சிறியது 51. ஆணைவிடப் பெண் கூடுதல் எடை இருந்தால்தான் உள்ளே வர முடியும் என்று எந்த ஊர்க் கணக்கில் வரும்? லண்டனுக்கு மணிப்பூரிலிருந்தே தேவேந்த்ரோ சிங் என்ற இளைஞரும் வந்திருந்தார். 49 கிலோ பிரிவில் காலிறுதி வரை போனார். அவர் உடம்புக்கு ஏற்ற இடம் அங்கே இருந்தது. அதே மண்ணிலிருந்து போன ஐந்து முறை உலகச் சாம்பியனுக்கு இல்லை.

மேரி கோம் 51-க்கு ஏறினார். 2012 ஆகஸ்ட் 5, லண்டன். ஒலிம்பிக் வரலாற்றிலேயே பெண்கள் குத்துச்சண்டை நடந்த முதல் நாள், அவருடைய இரட்டைப் பிள்ளைகளின் ஐந்தாவது பிறந்தநாள். முதல் சுற்றில் எதிரே வந்து நின்றது யார்? 54 கிலோவிலிருந்து கீழே இறங்கி வந்த அதே மிஹால்சுக். 19-14 என்று மேரி கோம் ஜெயித்தார். காலிறுதியில் துனீசியாவின் மரூவா ரஹாலியை 15-6. அரையிறுதியில் அதே நிக்கோலா ஆடம்ஸ். 6-11 என்று தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். நான்கு வருடம் முன்பு எட்டு கிலோ தள்ளி நின்ற இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் சந்தித்துவிட்டார்.

நிக்கோலா ஆடம்ஸின் தங்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அற்புதமான வீராங்கனை, விதிப்படி ஆடி ஜெயித்தவர். என் கேள்வி விதியை எழுதியவர்களிடம்.

மேரி கோம் மொத்தம் ஆறு முறை உலகச் சாம்பியன். 2002-இல் 45 கிலோ, 2005, 2006, 2008-இல் 46, 2010-இலும் 2018-இலும் 48. ஆறு தங்கத்தில் ஒன்றுகூட 51-இல் வந்ததில்லை. 2018-இல் டெல்லியில் ஆறாவது தங்கம் வாங்கும்போது அவர் மூன்று பிள்ளைகளின் தாய். அப்போதும் ஒலிம்பிக் என்றால் மறுபடி 51-க்குத்தான் போக வேண்டும். போனார். 2019 உலகப் போட்டியில் வெண்கலம். 2021-இல் டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 2-3 என்ற நடுவர் கணக்கில் தோல்வி. அவருடைய சொந்த எடையில் ஓர் ஒலிம்பிக் சண்டைகூட ஆடாமல் அந்த ஒலிம்பிக் வாழ்க்கை முடிந்துவிட்டது.

மூன்று கிலோ என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்கிறார்கள். 2024 பாரிஸில் நூறு கிராம் கூடியதற்காக வினேஷ் போகாட் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டார். அது மல்யுத்தம், வேறு சம்மேளனம், விதி விதிதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நூறு கிராமுக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கிற மேடையில் மூவாயிரம் கிராமை மட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். மேலேயிருந்து இறங்கி வருகிறவள் நீரைக் குறைத்து வருகிறாள், அவளுடைய எலும்பும் கை நீளமும் அப்படியேதான் இருக்கும். கீழேயிருந்து ஏறுகிறவள் முட்டையும் வாழைப்பழமும் தின்று ஏறுகிறாள், ஏறிய எடையோடு கால் வேகம் குறைகிறது. என் வீட்டில் தினமும் நான் பார்ப்பது இது.

பாரிஸில் நிலைமை ரொம்பவே மாறியிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 124 ஆண்கள், 124 பெண்கள். பெண்களின் குறைந்த எடை 50. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா ஏழு பிரிவுகள் என்று அறிவித்திருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த ஏழிலும் 48 இல்லை. 2023 டெல்லி உலகப் போட்டியில் 48 கிலோவில் தங்கம் வாங்கியவர் ஹரியானாவின் நீத்து கங்காஸ். 2025 லிவர்பூலில் அதே எடையில் தங்கம் வாங்கியவர் மீனாட்சி ஹூடா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இறுதிச் சுற்றில் அவர் ஜெயித்தது கஜகஸ்தானின் நசிம் கிசைபாயை. உலகச் சாம்பியன் பட்டம் இருக்கிற எடைக்கு ஒலிம்பிக்கில் மட்டும் கதவு சாத்தியிருக்கிறது.

வீரர்களின் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்பீர்கள். கூட்ட வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று பேரைக் குறைத்தாலே ஒரு புதிய பிரிவுக்கு ஆட்கள் கிடைப்பார்கள். அதுவும் முடியாது என்றால், இருக்கிற ஏழு கோடுகளைக் கீழே கொஞ்சம் நகர்த்தி வரைந்து பாருங்கள்.

தலைவர் அவர்களே, நீங்கள் நீச்சல் குளத்திலிருந்து வந்தவர். தண்ணீரில் எடைப்பிரிவு கிடையாது, நேரம்தான் தீர்ப்பு. ரிங்கில் அப்படி இல்லை. அதனால்தான் எங்கள் விளையாட்டில் எல்லாம் தராசிலிருந்து ஆரம்பிக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். 2032 பிரிஸ்பேனுக்கான எடைப்பிரிவுகளை முடிவு செய்யும் கூட்டத்தில் பெண்களுக்கான 48 கிலோவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்கு மேரி கோமை அழைத்து, 46-இல் சாம்பியனாக இருந்தவர் 51-இல் நின்றபோது உடம்பு என்ன சொன்னது என்று அவரிடமே கேளுங்கள். பிரிஸ்பேன் வரும்போது என் மகளுக்கு 23 வயதுதான் ஆகியிருக்கும்.

அதுவரை அவளை 51-க்கு ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலையும் ஆறு மணிக்குத் தராசில் ஏறுவாள், அந்தச் செம்பை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு 48 கிலோ வீராங்கனையின் அம்மா,
வியாசர்பாடி, சென்னை